மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

பிரேக்கை விட்டாச்சு, வண்டி நகர ஆரம்பிச்சாச்சு, இனிமே பத்தாயிரம் அடி ஏறுற வரைக்கும் இந்த விமானி அறைக்குள்ள வேண்டாத பேச்சு ஒரு வார்த்தை கூடாது, அதுதான் சட்டம், நல்ல சட்டம்தான், ஆனா வாய்க்குத்தானே சட்டம் போட முடியும், மனசுக்கு யாரு போடுறது, அது பாட்டுக்கு உள்ள தொணதொணன்னு பேசிக்கிட்டே இருக்கு, மணி ஏழு ஐம்பத்தி நாலு, ஜெரோம் ஏழு ஐம்பதுக்கு இறங்கியிருப்பான், இறங்கி இந்நேரம் எதிர்ப்பக்கம் வந்துக்கிட்டு இருப்பான்னு. சும்மா இருடீ மங்கையர்க்கரசி, வேலையைப் பாரு. வலது பக்கம் கிளாட்சன் சார் மைக்கை விட்டுட்டு முழங்கால்ல இருக்கிற தாள்ல வழியைக் குறிச்சுக்கிட்டாரு. என்னைவிடப் பன்னெண்டு வயசு மூத்தவரு, நாகர்கோவில்காரரு, பாதி ஆயுசு பைலட் பசங்களுக்கு வகுப்பெடுத்துட்டு இப்பத்தான் வந்து துணை விமானியா உக்காந்திருக்காரு. நான் கேப்டனாகி ஆறு மாசம். அவரு என்னை மேடம்ங்குறாரு, நான் அவரை சார்ங்குறேன், ரெண்டு பேரும் சம்பந்தி வீட்டுல சாப்பிட உக்காந்த மாதிரி மரியாதையிலயே முங்கிக் கிடக்கோம். டவர்ல இருந்து தரை வண்டிகளுக்கு வழி சொல்ற கிரவுண்டுப் பொண்ணு தெளிவாத்தான் சொன்னா, பெரிய ரன்வேக்குப் போற வழியில சின்ன ரன்வே குறுக்கே வரும், அதுக்கு முன்னாடி கோட்டுல நில்லுங்க, நான் சொன்னப்புறம் தாண்டுங்கன்னு. கிளாட்சன் சார் அதை அப்படியே திருப்பிச் சொன்னாரு. கோட்டுல நிக்கணும்னு நானும் வாய்விட்டுச் சொன்னேன், ரெண்டு பேரு காதுலயும் ஒண்ணுதான் விழுந்திருக்குன்னு காட்டிக்கிறதுக்கு அப்படிச் சொல்லணும். அந்தக் கோடு ஒண்ணும் சுவரு கிடையாது, தரையில மஞ்சள் பெயின்ட்டு, ஓரத்துல ஒரு சிவப்புப் பலகை, அவ்வளவுதான். ஆனா அதுக்கு அந்தப் பக்கம் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் வேகத்துல ஒரு வண்டி இறங்கி வரும். ஒரு அடி தாண்டினாலும் விசாரணை, தோள்ல இருக்கிற நாலாவது பட்டை, கேப்டன் பட்டை, போயிடும். அது போனாக்கூட தொலையுதுன்னு விட்டுடலாம், பின்னாடி நூத்தி எழுபத்தி நாலு பேரு பெல்ட்டைப் போட்டுக்கிட்டு என்னை நம்பி உக்காந்திருக்காங்க.

இடது கைக்குக் கீழ இருக்கிற குட்டிச் சக்கரத்தை மெதுவாத் திருப்பினா முன் சக்கரம் கொஞ்சம் யோசிச்சுத்தான் திரும்பும். ராத்திரி பெய்ஞ்ச மழை இன்னும் காயலை, தரை பளபளன்னு கண்ணைக் கூசுது, புல்லுல வரிசையா கொக்கு, இவ்வளவு பெரிய எஞ்சின் பக்கத்துல போகுது, ஒண்ணாவது அசையணுமே, ம்ஹூம். ஜெரோம் இருந்தா கொக்கை எண்ணியிருப்பான். அவனுக்கு எதையாவது எண்ணிக்கிட்டே இருக்கணும். பதினொரு நாளாச்சு அவனைப் பார்த்து. ஒரே வீடு, ஒரே படுக்கை, ஒரே ஊரு, ஆனா நான் வரும்போது அவன் போயிருப்பான், அவன் வரும்போது நான் போயிருப்பேன். போன செவ்வாய்க்கிழமை அரை மணி நேரத்துல தவறிப்போச்சு, நான் போய்ப் படுத்தப்ப அவன் தலகாணி இன்னும் சூடா இருந்துச்சு, அதுல முகத்தை வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்னு சொன்னா யாராவது நம்புவாங்களா, ஆறு மாசக் கேப்டன் அழுதாள்னு. கரூர்ல இருந்து அம்மா போன் பண்ணினா ரெண்டு பேருக்கும் எதுக்கு ஒரு வீடு, ஆளுக்கொரு பெட்டி இருக்குதே அது பத்தாதான்னு கேக்குது. புருஷனை அவன் இவன்னு பேசாதேன்னு அதுக்கும் சேர்த்துத் திட்டு. என்ன பண்றது, ஃப்ளையிங் ஸ்கூல்ல ஒரே பெஞ்சுல உக்காந்தவன், மேப்புல கோடு போடுறதுக்கு என்கிட்ட ஸ்கேல் வாங்கினவன், இன்னைக்கு வரைக்கும் திருப்பித் தரலை, அவனைப் போய் அவருன்னு எப்படிச் சொல்ல வாய் வரும். குடும்பம் நடக்கிறதே ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டுற சீட்டுலதான். மாவு புளிச்சிடுச்சு, தோசை ஊத்தாதே, கீழ்வீட்டுக் குழந்தைக்குக் காது குத்து, மொய் வச்சாச்சு. அதுக்குக் கீழ அவன் கோணல் எழுத்துல, ஊத்தியாச்சு, நல்லாத்தான் இருந்துச்சு, நீ எப்ப வருவே. அந்த நீ எப்ப வருவேங்கிற சீட்டை மட்டும் நான் எடுக்கலை, முட்டை வைக்கிற தட்டுக்கு மேல இன்னும் ஒட்டிக்கிட்டு நிக்குது.

முன்னாடி ஒரு சரக்கு வண்டி குறுக்கே போகுது, நின்னு வழி விட்டாச்சு, சரி, போ. பாரு, இதெல்லாம் சரியாத்தான் செய்யுறேன், கை, கால் எல்லாம் அது அது வேலையைப் பார்க்குது, அதுதான் எனக்குச் சில சமயம் பயமே, நான் இல்லாமலே கை வேலை செய்யுதேன்னு. வீட்டைப் பூட்டிட்டு வந்தோமான்னு பாதி வழியில யோசிக்கிற மாதிரி, இப்ப ஒரு திருப்பம் திரும்பினேனே, எப்பத் திரும்பினேன்? திரும்பித்தான் இருக்கேன், மஞ்சள் வழிக்கோடு மூக்குக்கு நேரா இருக்கு. கிளாட்சன் சார் வகுப்பெடுத்த காலத்துல இதைத்தான் பசங்களுக்குச் சொல்வாராம், மேல போயிட்டா எல்லாரும் ஜாக்கிரதையா இருப்பான், தரையில ஓட்டும்போதுதான் மக்கா, வீட்டுக் கொல்லையில நடக்கோம்னு நினைப்பு வந்துரும்னு. டீ குடிக்கும்போது சொன்னாரு. நான் சிரிச்சேன். ஜெரோமுக்கும் எனக்கும் இதுல ஒரு வழக்கம் உண்டு, யாருக்கும் சொன்னதில்லை. தூத்துக்குடியில இருந்து காலையில வர்ற அவனோட வண்டியும் நான் கிளம்புற வண்டியும் மாசத்துல ரெண்டு மூணு தடவை இந்தப் பாதையில எதிரெதிரே கடக்கும். அவனோடது ரெண்டு விசிறி வச்ச சின்ன வண்டி, மின்விசிறி மின்விசிறின்னு நான் கேலி பண்ணுவேன், உன்னோட ஜெட்டுக்கு நின்னு காத்து வாங்கத் தெரியுமான்னு அவன் கேப்பான். கடக்கும்போது என் ஜன்னலும் அவன் ஜன்னலும் பக்கத்துல பக்கத்துல வரும், முன் விளக்கை ஒரு தடவை அணைச்சுப் போடுவோம், மூணு செகண்டு அவன் முகம் தெரியும், கறுப்புக் கண்ணாடி, அதுக்குக் கீழ பல்லு, அவ்வளவுதான் எங்க சந்திப்பு. அதுக்கு ரெண்டு பேரும் ஒரு மாசம் முன்னாடியே ஷிஃப்ட்டுத் தாளை வச்சுக்கிட்டு இந்தத் தேதி உண்டு, அந்தத் தேதி உண்டுன்னு எண்ணி வைப்போம். இன்னைக்கு உண்டு.

அலுவலகத்துல இருந்து கடைசி எடைக் கணக்கு இப்பத்தான் வந்துச்சு, யாரோ நாலு பேரு வரலையாம், பெட்டிகளை இறக்கியிருக்காங்க, எண்ணெல்லாம் மாறிப்போச்சு, மறுபடியும் கணினியில போடணும். கிளாட்சன் சார் முறைப்படி சொன்னாரு, மேடம், நான் உள்ள பாக்கேன்னு. அப்படின்னா வெளிய பார்க்கிற கண்ணு ரெண்டே ரெண்டுதான், என்னோடது. சரி சார், நான் வெளிய பார்க்கிறேன்னு நானும் சொன்னேன். நின்னு போட்டுக்கலாம்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. நின்னிருக்கலாம், ஓரமா நிறுத்திட்டுப் போடுறேன்னு கிரவுண்டுகிட்டச் சொன்னா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆனா நின்னா, எதிரே வர்றவன் கடந்து போயிடுவானே, நான் இந்தப் பக்கத் திருப்பத்துலயே மாட்டிக்குவேனே. இதை நான் அப்ப யோசிச்சேனா, இல்லை இப்பத்தான் யோசிக்கிறேனான்னு கேட்டா, அப்பவே யோசிச்சேன், சாமி சத்தியமா அப்பவே யோசிச்சேன். அவன் ஏழு ஐம்பதுக்கு இறங்குறவன். ஜெரோம்னா நேரம், நேரம்னா ஜெரோம், கல்யாணத்துக்கே அவன் வீட்டுக்காரங்க எல்லாம் லேட்டு, அவன் மட்டும் முக்கால் மணி நேரம் முன்னாடி வந்து வாசல்ல செருப்பை எல்லாம் ஜோடி சேர்த்து வச்சுக்கிட்டு நின்னான். ஆறு இருபதுக்குக் கதவு சாத்தியாச்சுன்னு மெசேஜ் போடுவான், இன்னைக்குப் போடலை, சிக்னல் இருந்திருக்காது. இறங்கியாச்சு. சின்ன ரன்வேல இறங்கி, வெளிய வந்து, இந்தா இப்ப எதிர்ப் பாதையில திரும்பணும். சின்ன ரன்வே இனிமே காலி, அதுல காலையில வர்றது அவன் ஒருத்தன்தானே. மனசுக்குள்ள ஒரு படம் இருக்கு பாருங்க, எங்க எந்த வண்டி நிக்குது, எது வருது, எது போகுதுன்னு, அந்தப் படத்துல நான் அவனை ரன்வேல இருந்து எடுத்து எதிர்ப் பாதையில வச்சுட்டேன். யாரும் சொல்லலை. நானே என் கையால எடுத்து வச்சேன்.

வந்தான். தூரத்துல ரெண்டு விசிறி, அதே நிறம், அதே குட்டைக் காலு, வெயில் கண்ணாடியில பட்டு உள்ள ஆளு தெரியலை. பாருங்க, எனக்கு நெஞ்சு படபடங்குது, முப்பத்தொன்பது வயசு, கல்யாணமாகி ஒன்பது வருஷம், காலேஜுப் பொண்ணு மாதிரி. வலது கை தானாவே மேல விளக்கு ஸ்விட்ச்சுக்குப் போச்சு. முடியை ஒதுக்கிக்கலாமான்னு வேற ஒரு நினைப்பு, காதுல மாட்டியிருக்கிறதுல முடி எங்க கலைஞ்சிருக்கப் போகுது, சரி, இருக்கட்டும். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் பக்கத்துல வாடா, அந்த முகத்தைக் காட்டு, பதினொரு நாளு. கழுத்தை இடது பக்கம் திருப்பினேன். வண்டி ஸ்கூட்டர் வேகத்துல உருண்டுக்கிட்டு இருக்கு, முன்னாடி யாரும் பார்க்கலை, ஒருத்தர் குனிஞ்சு எண்ணைப் போடுறாரு, இன்னொருத்தி ஜன்னல்ல புருஷனைத் தேடுறா. விளக்கை அணைச்சேன், போட்டேன். எதிர் ஜன்னல் நேருக்கு நேரா வந்துச்சு. பெரிய மீசை. வழுக்கைத் தலை. யாரோ ஒரு மனுஷன், நான் விளக்கைப் போட்டதைப் பார்த்துட்டுப் பாவம் குழம்பிப்போயி, மரியாதைக்குக் கையைத் தூக்கினாரு. எனக்கு வெக்கமாப் போச்சு, சிரிப்பும் வந்துச்சு, அட, இது பெரிய ரன்வேல இறங்கின சேலம் வண்டி, ஏர்போர்ட்டுப் பலகையில போட்டிருப்பாங்களே, சேலம் வண்டிக்கும் இதே நிறம்தானே, அப்ப ஜெரோம் எங்க, இது அவன் இல்லேன்னா அவன் எங்க, வழியில வேற வண்டி எதுவும் இல்லையே, பின்னாடியும் இல்லை, நிறுத்துற இடத்துலயும் இல்லை, எங்க போனான், இன்னும் இறங்கலையா, மெசேஜ் வரலையே, லேட்டாக் கிளம்பியிருக்கான், இறங்கலைன்னா மேலதானே இருக்கணும், மேலன்னா எங்க, எதுல இறங்கப் போறான், சின்ன ரன்வேல. சின்ன ரன்வே எங்க இருக்கு.

மேடம் கோடு, அப்படின்னாரு கிளாட்சன் சார். அவரு தலையைத் தூக்கினதும் என் ரெண்டு காலும் பிரேக்கை மிதிச்சதும் எது முன்னாடி, எது பின்னாடின்னு எனக்கு இன்னும் தெரியலை. வண்டி மூக்கைக் குத்தி நின்னுச்சு, பின்னாடி ஒரு பொம்பளை கத்தினது கதவைத் தாண்டிக் கேட்டுச்சு, ஏதோ பாத்திரம் உருண்டுச்சு. நின்னாச்சு. ஆனா எங்க நின்னோம்? இந்த வண்டியில நாங்க சக்கரத்துக்கும் முன்னாடி உக்காந்திருக்கோம், கோடு மூக்குக்கு அடியில போயிட்டா எங்களுக்குத் தெரியாது, சிவப்புப் பலகை என் ஜன்னலுக்கு நேரா இருக்கு, இல்லை, கொஞ்சம் பின்னாடி இருக்கு, ஒரு முழம், ரெண்டு முழம். சார், தாண்டிட்டோமான்னு கேட்டேன். தாண்டலைன்னுதான் நினைக்கேன் மேடம்னாரு, அப்புறம் ஜன்னல்ல கன்னத்தை ஒட்டிக் கீழ பார்த்துட்டு, தெரியலன்னாரு. வலது பக்கம், தூரத்துல, பரங்கிமலைக்கு இந்தப் பக்கமா, ரெண்டு விளக்கு. சின்ன வண்டி. நேரா இறங்கி வருது. அது அவன்தான், அதுல எனக்கு இப்பச் சந்தேகமே இல்லை, கொஞ்சம் இடது பக்கம் சாய்ஞ்சு அப்புறம் நிமிர்த்துவான், ஃப்ளையிங் ஸ்கூல்ல இருந்தே அப்படித்தான், எத்தனை தடவை திட்டு வாங்கியிருக்கான். சும்மா இருந்துட்டா? ரெண்டு செகண்டு, ரெண்டே ரெண்டு செகண்டு நான் அதை யோசிச்சேன், எதுக்கு மறைக்கணும். கிரவுண்டுல அந்தப் பொண்ணு கவனிச்சிருக்க மாட்டா. ரெண்டு முழம்தானே. ரன்வே இன்னும் தள்ளித்தானே இருக்கு. அவன் பாட்டுக்கு இறங்கிடுவான், எனக்கு முன்னாடி சர்ருன்னு போயிடுவான், அந்த மூணு செகண்டுல முகத்தைக்கூடப் பார்த்திருக்கலாம், யாருக்கும் ஒண்ணும் தெரியாது, பட்டை தோள்லயே இருக்கும். ஒண்ணும் ஆகாது, அநேகமா. அந்த அநேகமாங்கிற வார்த்தை தொண்டையில மீன்முள்ளு மாதிரி நின்னுச்சு. அநேகமாவை நம்பி அவனை என் முன்னாடி இறங்கவிடுவேனா நான்? மைக்கை அமுத்தினேன். நாங்க கோட்டைத் தாண்டியிருக்கலாம், இறங்குற வண்டியை மேல அனுப்புங்கன்னு சொன்னேன்.

அப்படியே நில்லுங்கன்னு ஒரே வார்த்தை சொல்லிட்டு அந்தப் பொண்ணு பக்கத்து நாற்காலியில ரன்வேயைப் பார்த்துக்கிறவரைக் கூப்பிட்ட சத்தம்கூட மைக்குல விழுந்துச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்லை. ரெண்டு விளக்கும் வந்துக்கிட்டே இருக்கு. இறங்குது, இறங்குது, பனைமர உசரத்துக்கு வந்தாச்சு. ஏறுடா. ஜெரோம், ஏறுடா. எழுபது பேரை வச்சிருக்கே, ஏறு. அப்பத்தான் மூக்கு நிமிர்ந்துச்சு, விசிறி ரெண்டும் உறுமின உறுமல் என் கால் வழியா உள்ள ஏறிச்சு, எங்க கண்ணு முன்னாடி குறுக்கே, கொஞ்சம் மேல, அவன் வயிறு தெரிஞ்சுச்சு, சக்கரம் ஒவ்வொண்ணா உள்ள மடங்குச்சு, போயிட்டான். கொக்கெல்லாம் மொத்தமா எந்திரிச்சுப் போச்சு. இறங்குறதுக்கு முன்னாடி மறுபடியும் மேல தூக்குறான்னா உள்ள இருக்கிற சனங்க எப்படிப் பயந்திருக்கும், எத்தனை பேரு சாமி பேரைச் சொல்லியிருப்பாங்க, அதுல பாதி தூத்துக்குடி மாதாவைக் கூப்பிட்டிருக்கும். எல்லாம் என்னால. யாரோ ஒரு முட்டாள் கோட்டைத் தாண்டிட்டான்னுதான் அவன் நினைச்சுக்கிட்டு இருப்பான். கிளாட்சன் சார் என்னைப் பார்க்காம முன்னாடி பார்த்தபடியே தண்ணி பாட்டிலைத் திறந்து என் பக்கம் நீட்டினாரு. குடிச்சேன். இன்னைக்கு நான் பறக்கப் போறதில்லை சார், திரும்பிப் போறேன்னு கேளுங்கன்னேன். உடனே கிரவுண்டுகிட்ட அனுமதி கேட்டு வாங்கினாரு மனுஷன். திரும்பிப் போற வழி முழுக்க ரெண்டு பேரும் வெளியதான் பார்த்தோம், திருப்பம் வந்தா திருப்பம்னு சொன்னோம், வண்டி வந்தா வண்டின்னு சொன்னோம்.

இப்ப எஞ்சினை நிறுத்தியாச்சு. சனங்க இறங்குற சத்தம், ஒருத்தரு புகார் குடுக்க என் பேரை எழுதி வச்சுக்கிறேன்னு சொல்லிட்டுப் போறாரு, எழுதிக்கட்டும். மடியில தட்டுக் கணினி, அதுல விசாரணைப் படிவம், இங்கிலீஷ்ல கட்டம் கட்டமா. நேரம், இடம், வேகம் எல்லாம் போட்டாச்சு. கவனம் சிதறினதுக்குக் காரணம்னு ஒரு கட்டம். கிளாட்சன் சார் அவரோட படிவத்துல, நின்னுட்டுப் போடலாம்னு நான் சொல்லியிருக்கணும், சொல்லலைன்னு எழுதிட்டு என்கிட்டக் காட்டினாரு. நீங்க, எதிரே வந்த விமானத்தைப் பார்த்துட்டேன்னு எழுதினாப் போதும் மேடம், அது உண்மைதானே, அப்படின்னாரு. உண்மைதான். பாசத்துல சொல்றாரு, எனக்குப் புரியுது. ஆனா அதைப் படிக்கிற இன்னொரு பொண்ணுக்கோ பையனுக்கோ அதுல என்ன பிரயோஜனம்? விமானத்தைப் பார்த்ததா தப்பு? அது வர்றதுக்கு முன்னாடியே நான் தப்புப் பண்ணிட்டேனே. எழுதினேன். என் கணவர் தரையிறங்கிவிட்டார் என்று, யாரும் சொல்லாமல், நானாகவே முடிவு செய்திருந்தேன். ஓடுபாதை காலி என்று நம்பினேன். எழுதி முடிச்சுப் படிச்சுப் பார்த்தப்ப அது படிவம் மாதிரியே இல்லை, பாவமன்னிப்பு மாதிரி இருந்துச்சு. இப்படியேவா அனுப்பப் போறீங்கன்னு கேட்டாரு. அனுப்பிட்டேன் சார்னேன். அவரும் தன்னோட படிவத்தை அனுப்பினாரு.

அப்பத்தான் அவரோட ஜன்னலுக்கு அந்தப் பக்கம் ரெண்டு விசிறி திரும்புச்சு. எங்களுக்கு வலப்பக்கம் இருக்கிற இடத்துலதான் நிறுத்தச் சொல்லியிருக்காங்க போல. தரையில ஒரு ஆளு ரெண்டு கையிலயும் மட்டையைப் பிடிச்சு வா வான்னு காட்டுறாரு, வண்டி மெதுவா உள்ள வருது, இடது ஜன்னல்ல ஜெரோம். கறுப்புக் கண்ணாடி போடலை. கண்ணு சிவந்திருக்கு, மூணு நாள் தாடி, சட்டைக் காலர் மடங்கியிருக்கு, சரியாச் சாப்பிடலை, பார்த்தாலே தெரியுது. றெக்கைக்கு றெக்கை பதினைஞ்சு அடி தள்ளி என்னோட வண்டி நிக்குது, அதோட நம்பர் அவனுக்கு மனப்பாடம், நான் இந்நேரம் வானத்துல இருக்க வேண்டியவ, இங்க நிக்கிறேன்னா என்னன்னு அவனுக்குப் புரிஞ்சுபோயிருக்கும், உள்ள வரும்போதே புரிஞ்சிருக்கும். கழுத்தைக் கொஞ்சம் திருப்பினாப் போதும், நான் தெரிவேன். பார்க்காதே. ஐயோ, பார்க்காதேடா, என் பக்கம் திரும்பாதே, அந்த மட்டையை மட்டும் பாரு, இன்னும் பத்தடி இருக்கு, அஞ்சடி இருக்கு, றெக்கைக்குப் பக்கத்துல ஆளு நிக்குது, நேராப் பாரு என் ராசா. மட்டை ரெண்டும் மேல போயி ஒண்ணா நின்னுச்சு, சக்கரம் நின்னுச்சு, விசிறி சுத்திச் சுத்தி ஓய்ஞ்சுச்சு, அதுவரைக்கும் அவன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவைகூட, என் பக்கம் திரும்பலை. பதினொரு நாள் கழிச்சு அவனைப் பார்க்கிறேன், எனக்கு நல்லா அழுகை வந்துச்சு, நான் பண்ணினதை அவன் பண்ணலைங்கிற சந்தோஷத்துல.